கடித்த நாய்க்குக் காவல்

நாய்க்கடி கேஸ் வந்தால் நர்ஸ் முதலில் கேட்க வேண்டியது, நாய் உயிரோடு இருக்கிறதா என்று. காயத்தை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே கேட்கலாம், ஆனால் கேட்டே ஆக வேண்டும். கடித்த நாளிலிருந்து பத்து நாள் அந்த நாய் நன்றாக இருந்துவிட்டால் அதற்கு வெறி இல்லை, கடிபட்டவருக்கும் பயமில்லை. நாயை அடித்துக் கொன்றுவிட்டு வந்தால் தெரிந்துகொள்ள வழியே கிடையாது. வயிற்றில் தினம் ஒன்றாகப் பதினாலு ஊசியும் போட்டாக வேண்டும். எங்கள் காலத்து முறை இதுதான். இப்போது வேலைக்கு வரும் பெண்களுக்குப் பதினாலு ஊசி என்றால் சிரிப்பு வருகிறது. வயிற்றைக் காட்டியவர்கள் யாரும் சிரித்து நான் பார்க்கவில்லை.

நான் ரிடையர் ஆனது திருப்பதியில். ஆனால் தொழில் கற்றது சத்தியவேடு பக்கம் ஒரு சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரியில். ஊர்ப் பெயர் வேண்டாம். எல்லைத் தகராறு முடிந்து அந்தப் பக்கத்து ஊர்களைச் சென்னை ராஜ்யத்திலிருந்து ஆந்திராவுக்கு மாற்றிய சமயம் அது. திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராவுக்கு வந்தோம். எங்கள் டாக்டர் சென்னைப் பக்கமே வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மூட்டை கட்டினார். புது டாக்டர் இதோ வருகிறார் என்றார்கள். மிச்சம் இருந்தது நானும் கம்பவுண்டர் ரங்கய்யாவும்தான்.

1. அடிக்காதே

கன்னியம்மா வந்தது டாக்டர் கிளம்பிப்போன அடுத்த நாள். வேர்க்கடலைக் கொல்லை வைத்திருந்த குடும்பம். சோறு வைக்கும்போது வீட்டு நாயே கையைக் கவ்விவிட்டது. உள்ளங்கையில் பல் நன்றாக இறங்கியிருந்தது. கூட வந்த புருஷன் முனிரத்தினம் அவளைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தான்.

"நாய் இருக்கா?" என்று கேட்டேன்.

"கீது நர்சம்மா. கட்டிப் போட்டுக்கீறேன். போனதும் ஒரே அடி, முடிச்சிடறேன்."

"அடிச்சேன்னா அப்புறம் இந்த வாசப்படி ஏறாதே. நல்லா இருக்கிற நாயா வெறி நாயான்னு அது உயிரோட இருந்தாத்தான் எனக்குத் தெரியும். எட்ட நின்னு தினம் பாரு. சோறு துன்னுதா, தண்ணி குடிக்குதான்னு பாத்து வந்து சொல்லு."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத்தான் பைத்தியம் என்று முடிவு கட்டியது தெரிந்தது. ஆனாலும் தலையாட்டினான். நாய் பத்து நாள் தாண்டினால் நிறுத்திக்கொள்ளலாம், அதுவரை காத்திருக்க முடியாது என்று அன்றைக்கே முதல் ஊசி போட்டேன். தினமும் விடியற்காலையில் கிளம்பி, பெண்டாட்டியை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தான். ஊசி முடிந்ததும் நாய் சமாசாரம் சொல்வான். "துன்னுச்சு நர்சம்மா. குடிச்சிச்சு." அவ்வளவுதான் பேச்சு.

2. நாளைக்கு வா

அஞ்சாவது ஊசியோடு மருந்து தீர்ந்தது. தீரும் என்று தெரிந்து, அதற்கு முன்பே கேட்டு எழுதியிருந்தோம். இதுவரை சென்னையிலிருந்து வந்த சப்ளை நின்றுவிட்டது. சித்தூரிலிருந்து வர வேண்டியது இன்னும் ஆரம்பிக்கவில்லை. தபால் ஆபீசுக்குப் போய் சித்தூருக்கு டிரங்க் கால் போட்டேன். மறுமுனையில் இருந்த குமாஸ்தா, "சூஸ்தாம் அம்மா, சூஸ்தாம்" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். முப்பது வருஷ சர்வீஸில் என்னை அதிகம் எரிச்சலூட்டிய தெலுங்கு வார்த்தை அது.

ஆறாவது நாள் அவர்கள் வாசலில் வந்து நின்றபோது ரங்கய்யா என் காதருகே வந்தார். "சிஸ்டர், நாளைக்கு வான்னு சொல்லி அனுப்புங்க. இல்லைன்னு சொன்னா ஜனங்க கத்துவாங்க."

அவர் கெட்டவர் இல்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னார். ஆனால் சென்னையில் படிக்கும்போது வெறி வந்த ஒரு ஆளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீரைக் கண்டு அந்த மனுஷன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். வெறி வந்த பிறகு பிழைத்தவர் யாரும் இல்லை. அதை நினைத்துக்கொண்டே இவளிடம் நாளைக்கு வா என்று எப்படிச் சொல்வது? மருந்து இல்லை, எப்போது வரும் என்று எனக்கே தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

முனிரத்தினம் கத்தவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. "பாதியில நிறுத்துறதுக்கு எதுக்கு ஆரம்பிச்சீங்க?" என்று மட்டும் கேட்டான். கன்னியம்மா முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நீங்கள் இப்போது ஆந்திரா, உங்கள் மருந்தை உங்கள் ஆட்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து புத்தூர் போய் ஒரு பிரைவேட் டாக்டரைப் பார்த்தார்கள். அங்கே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்களாம். டாக்டர் சிரித்துப் பேசி, கையில் ஒரு ஊசி போட்டு, பீஸ் வாங்கிக்கொண்டு, இனி கவலை வேண்டாம் என்றாராம். மறுநாள் முனிரத்தினம் என்னிடம் வந்து நின்றான்.

"நர்சம்மா, நீ வயித்துல போட்ட. அவரு கையில போட்டாரு. அதுவும் அந்த மருந்துதானா?"

"பேர் ஏதாவது சொன்னாரா?"

"சத்து ஊசின்னாரு. ஒடம்புல சத்து இருந்தா விஷம் ஏறாதாம்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான். எனக்கு வாய் வரவில்லை. இது அது இல்லை என்றேன். அவன் சைக்கிள் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். சர்க்காரில் மருந்து இல்லை, பிரைவேட்டில் உண்மை இல்லை. நடுவில் அந்தப் பெண்ணுக்கு மிச்சம் இருந்தது அந்த நாய் மட்டும்தான்.

"நாய் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"துன்னுக்கினுதான் கீது" என்றான்.

3. துன்ன மாட்டேங்குது

எட்டாவது நாள் காலை அவன் தனியாக ஓடி வந்தான். செருப்புக்கூட இல்லை.

"நாய் துன்ன மாட்டேங்குது நர்சம்மா. நேத்து சாயந்திரத்துலருந்து. தண்ணிய மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குது."

சாப்பாடும் தண்ணீரும் வேண்டாம் என்பதுதான் வெறியின் முதல் அடையாளம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியை ரங்கய்யாவிடம் விட்டுவிட்டு அவனோடு கிளம்பினேன். வழி முழுக்க சித்தூரையும் சென்னையையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன். அந்த எல்லைக் கோட்டைப் போட்டவர்கள் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

கன்னியம்மா வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"புள்ளைய எந் தங்கச்சி ஊட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றாள். "நான் கடிச்சி கிடிச்சி வெச்சிட்டா?"

நான் நேராகக் கொல்லைப்புறம் போனேன். புளிய மரத்தடியில் நாய் கட்டியிருந்தது. எட்ட நின்று பார்த்தேன். வாயில் நுரை இல்லை. கண் தெளிவாக இருந்தது. முனிரத்தினத்தைப் பார்த்து வாலைக்கூட ஆட்டியது. ஆனால் வயிறு குடம் மாதிரி உப்பியிருந்தது. அதைச் சுற்றி எண்ணெய்ச் சட்டி, கூழ் மொந்தை, தேங்காய்ச் சிரட்டை என்று ஏகப்பட்ட பாத்திரங்கள்.

"இதெல்லாம் யாருது?"

கன்னியம்மாவின் மாமியார் முன்னால் வந்தாள். "தண்ணி குடிக்குதான்னு பாக்கச் சொன்னியாமே. அதான் தினம் காலைல மோரு ஊத்திப் பாத்தேன். மத்தியானம் கஞ்சி."

பக்கத்து வீட்டுக்காரி கூழ் வைத்துப் பார்த்திருந்தாள். எதிர்வீட்டுக்காரர் கருவாடு போட்டுப் பார்த்திருந்தார். கொல்லை வழியாகப் போனவர் வந்தவர் எல்லாம் கன்னியம்மாவுக்காகக் கவலைப்பட்டு, நாய் சாப்பிடுகிறதா என்று ஆளுக்கு ஒரு தடவை சோதித்திருக்கிறார்கள். கன்னியம்மாவே தினம் விடிவதற்கு முன் எழுந்து ஒரு உருண்டை களி வைத்திருக்கிறாள். நாயும் ஏழு நாளாகத் தன்னால் முடிந்தவரை எல்லோருடைய கவலையையும் தின்று தீர்த்திருக்கிறது. இதற்கு மேல் முடியாமல் படுத்துவிட்டது.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இதுதான் காரணம் என்று எனக்கு நிச்சயமாகவும் தெரியாது. பாத்திரங்களை எல்லாம் எடுக்கச் சொன்னேன். ஒரே ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டு யாரும் கிட்டே போகக்கூடாது என்றேன். கன்னியம்மா வெளியே வந்து எனக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு நாய் எழுந்தது. உடம்பை உதறியது. ஒரு ஓரமாகப் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்து, சட்டியில் வாயை வைத்து நக்கி நக்கிக் குடித்தது. சட்டி காலியாகும் வரை குடித்தது. கன்னியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன்.

4. பத்து நாள் ஆன பிறகு

பத்து நாள் கழிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. நாயையும் கயிற்றில் கட்டி இழுத்து வந்திருந்தான். "நீயே பாத்துக்க நர்சம்மா" என்றான். பார்த்தேன். சப்பாத்திக்கட்டை மாதிரி திடமாக இருந்தது. இனி ஊசி வேண்டாம் என்றேன்.

புது டாக்டர் வந்தார், நல்ல மனுஷர். அவருக்குப் பின்னாலேயே சித்தூரிலிருந்து மருந்துப் பார்சலும் வந்து சேர்ந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் இல்லை என்று மேலே யாரோ எழுதியிருப்பார்கள்.

நாயோடு வந்த அன்றைக்குக் கிளம்பும் முன் கன்னியம்மா வாசற்படியில் நின்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அன்னிக்கி எம் புருஷன் சொன்ன மாதிரி நாய அடிச்சிருந்தா, நீ எனக்கு இன்னா பண்ணியிருப்ப நர்சம்மா?"



அவள் அப்படிக் கேட்டதனால் புதிதாக வரும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாய் உயிரோடு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அதற்கு முன்னால் மருந்து அலமாரியைத் திறந்து, கடைசி ஊசி வரைக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள், திட்டட்டும். மருந்து இருக்கிற வேறு ஊருக்குப் போகிற பஸ்ஸாவது அவர்களுக்குக் கிடைக்கும்.