மலையிடம் சொன்ன சாபம்

என்னோடு பதினோரு வருடம் ஒரே பள்ளியில் பாடம் நடத்திய தோழி, என் மகளைப் பற்றி மாப்பிள்ளை வீட்டுக்கு மொட்டைக் கடிதம் எழுதினாள். நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. அவர்கள் எங்கள் வீட்டில் தூக்கிப் போட்டுவிட்டுப் போன கடிதத்தில் அவள் எழுத்தைப் பார்த்ததும் எழுதியது யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவளுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அந்தப் பெண்ணைப் பற்றி நானும் ஒரு கடிதம் எழுதினேன். ஒவ்வொரு வரியும் இனித்தது. உறையை ஒட்டும்போது, வெளிநாட்டிலிருந்து வந்து எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்த யூதப் பெண்மணி சாவி வாங்க வந்தாள். என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னித்துவிடு என்பாள் என்று நினைத்தேன்.

"அந்தக் காலத்து இஸ்ரவேலர், எங்கள் முன்னோர், எதிரி நாசமாகட்டும் என்று கடவுளிடமே பாடினார்கள். இன்றும் நாங்கள் அதைப் பாடுகிறோம். கோபத்தை அவரிடம் மறைக்காதே. தண்டிக்கிற வேலையை மட்டும் அவரிடம் விட்டுவிடு," என்றாள் ஆங்கிலத்தில்.

மொட்டைமாடிக்குப் போய் எங்கள் ஊர் மலையைப் பார்த்துக் கத்தினேன்.

"அண்ணாமலையாரே, அவ நல்லாவே இருக்கக் கூடாது! எம்பொண்ணு அழுததவிட ஜாஸ்தியா அவ அழணும். நீயே பாத்துக்கோ!"

"ஏன்டி, தெருவே கேக்குது," என்றார் கீழேயிருந்து என் கணவர்.

"கேக்கட்டும்!"

கடிதத்தைக் கிழித்தேன். போன தை மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அந்தத் தோழியை நான் மன்னிக்கவில்லை. தினமும் காலையில் மலையிடம் அதே சாபத்தைச் சொல்கிறேன். ஆனால் ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையில் என் கை படவில்லை. அதற்காக, என்றோ எங்கோ அப்படிப் பாடிவிட்டுப் போன அந்த இஸ்ரவேலருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.