ஒரு நிமிஷத்தில் யாராவது வருவார்கள்

மாக்ஸீன் ஹெப்வொர்த் இறந்த வாரம் ஹாலோகேட் மருத்துவமனையிலிருந்து ஓர் இரங்கல் அட்டை வந்தது. லில்லிப் பூ படம், அச்சடித்த கையெழுத்து. 'எங்கள் நெடுநாள் பராமரிப்பு உதவியாளர்' என்று போட்டிருந்தார்கள். தவறு. அவள் நர்ஸ். பதினான்கு மாதம் நர்ஸாக இருந்தாள். அந்தப் பதினான்கு மாதத்துக்காக நான்கு வருடம் படித்தாள். அட்டை அனுப்பியவர் சரிபார்த்திருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரம் அங்கே யாருக்கும் இருந்ததில்லை.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் அவள் போட்டது உதவியாளரின் பச்சைச் சட்டை. ஏழாம் வார்டு, முதியோர் பிரிவு. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, துடைப்பது, இறந்தவரின் மோதிரத்தைக் கழற்றி உறையில் போட்டுப் பெயர் எழுதுவது. நீலச் சட்டைக்காரர்கள், அதாவது நர்ஸுகள், மருந்து கொடுப்பார்கள், கணினியில் தட்டுவார்கள். கிழவர் யாராவது சக்கரம் வைத்த கமோடு நாற்காலி கேட்டால் தலை நிமிராமல் ஒரு வாக்கியம் வரும்: "ஒரு நிமிஷத்துல யாராவது வருவாங்க."

அந்த 'யாராவது' மாக்ஸீன்தான்.

நர்ஸ் பஞ்சம் வந்தபோது நிர்வாகம் ஒரு சுவரொட்டி ஒட்டியது. வேலையை விடாமலே பட்டம் படிக்கலாம், சம்பளம் உண்டு, நான்கு வருடம். சுவரொட்டியில் சிரித்துக்கொண்டிருந்த பெண் எந்த வார்டிலும் வேலை பார்த்தவள் இல்லை. அவள் நகத்தைப் பார்த்தாலே தெரியும். மாக்ஸீனுக்கு அப்போது நாற்பத்தொன்பது. விண்ணப்பித்தாள்.

"இந்த வயசுல எதுக்கும்மா?" என்று கேட்டாள் மகள் லீயான். லிஃப்ட் பழுது பார்ப்பவள். எதற்கும் காரணம் கேட்பாள்.

"கூப்பிட்டா நிமிர்ந்து பார்க்கிற நர்ஸு ஒருத்தியாவது அந்த வார்டுல இருக்கட்டும்னுதான்."

முதலில் கணக்குப் பரீட்சை எழுதச் சொன்னார்கள். பத்தொன்பது வருடம் சிறுநீரை மில்லிலிட்டரில் அளந்து எழுதியவளுக்குப் பின்னம் தெரியுமா என்று சோதித்தார்கள். பிறகு பல்கலைக்கழகம். அங்கே ஒரு பைத்தியக்காரத்தனம் உண்டு: வார்டில் எது நடந்தாலும் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், அடுத்த முறை என்ன செய்வாய் என்று வட்டம் போட்டு ஆறு கட்டம் வைத்திருப்பார்கள். ஒரு கிழவி அவள் கையைப் பிடித்தபடி இறந்ததைப் பற்றி மாக்ஸீன் எழுதினாள். 'வருத்தமாக இருந்தது. கையைக் கழுவினேன். அடுத்த படுக்கைக்குப் போனேன்.' விரிவுரையாளர் ஓரத்தில் குறித்து அனுப்பினார்: 'ஆழம் போதாது.' அந்த ஆள் கடைசியாக ஒரு நோயாளியைத் தொட்டது எந்த வருடமோ.

எல்லாவற்றையும்விட மோசம் சட்டைக் கூத்து. வாரத்தில் சில நாள் அவள் பழைய உதவியாளர், பச்சைச் சட்டை. சில நாள் மாணவி, சாம்பல் சட்டை. அதே வார்டு, அதே முகங்கள். சாம்பல் நாளில் அவளை உதவியாளர் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவள் கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறாள் என்பது விதி. எழுதி, லேமினேட் செய்து, தேநீர் அறையில் மாட்டியிருந்தார்கள். வார்டுப் பொறுப்பாளர் சிஸ்டர் கேய்னர் அதன் கீழேயே நின்று கேட்பாள்:

"மாக்ஸீன், இன்னிக்கு ஆளே இல்ல. சட்டைய மாத்திக்கிறியா? மத்தியானம் வரைக்கும்தான்."

"போன வாரமும் மத்தியானம் வரைக்கும்னுதான் சொன்ன."

"மத்தியானம்னா எந்த மத்தியானம்னு சொன்னேனா?"

எல்லோரும் சிரிப்பார்கள். மாக்ஸீன் மாற்றிக்கொள்வாள். மணி அடித்தால் போகும் காலுக்குச் சட்டை நிறம் தெரியாது. அதுதான் அவளைக் கவிழ்த்தது.

கடைசி வருடம் மருந்துச் சுற்றுத் தேர்வு. ஆறு படுக்கை கொண்ட ஒரு பகுதி முழுவதற்கும் மாணவி தனியாக மருந்து கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் பின்னால் நின்று பார்ப்பார். சிவப்பு மேலங்கி மாட்டிவிடுவார்கள். 'மருந்து கொடுக்கிறேன், குறுக்கிடாதீர்கள்' என்று முதுகில் எழுதியிருக்கும். இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தோற்றால் பட்டம் இல்லை, நான்கு வருடமும் போயிற்று, ஓய்வு பெறும்வரை பச்சைச் சட்டை.

மதிப்பீட்டாளர் டாம்சினுக்கு இருபத்தாறு வயது. நீலச் சட்டை, நான்கு நிறப் பேனா. முதல் வாய்ப்பில், நான்காம் படுக்கைக்கு மருந்து எடுக்கும்போது இரண்டாம் படுக்கைக் கிழவி "கண்ணு, அவசரம்" என்றாள். மாக்ஸீன் கமோடை உருட்டிக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்தபோது மருந்து ட்ராலி வாய் பிளந்து நின்றது. சாவி அதிலேயே தொங்கியது. புத்தி தடுமாறிய ஒரு முதியவர் இதய மாத்திரைப் பெட்டியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நான் தடுக்கலேன்னா அவர் முழுங்கியிருப்பார், மாக்ஸீன்," என்றாள் டாம்சின். "நீங்க கமோடுக்குப் போனதால ஃபெயில் இல்ல. பூட்டாம போனதால ஃபெயில்."

அவள் சொன்னது சரி. மாக்ஸீனுக்கு அதுதான் தாங்கவில்லை. கேய்னர் தப்புச் சொன்னால் முகத்தில் அடித்த மாதிரி பதில் சொல்லலாம். சரியாகச் சொல்கிற இருபத்தாறு வயதை என்ன செய்வது?

"பத்தொன்பது வருஷத்துல நான் பூட்ட வேண்டிய சாமான் ஒண்ணு என் கையில குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டாவது வாய்ப்பு மூன்று வாரம் கழித்து. சுற்று எட்டு மணிக்கு. மாக்ஸீன் சாம்பல் சட்டையில் ஆறரைக்கே வந்தாள். ஆறு பேரையும் ஒருவர் பின் ஒருவராகக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனாள். சிறுநீர் பாட்டில்களை எடுத்துக் கழுவ வைத்தாள். வழித்துத் துடைத்தது போல ஆறு பேரின் மூத்திரப்பையும் காலி. இனி யார் கூப்பிடுவார்கள்?

ஏழரைக்கு வந்த டாம்சின் வாசலில் நின்று பார்த்தாள். "இது இன்னிக்கு உங்க வேலை இல்லையே."

"தெரியும். யாரோட வேலைன்னு சொல்லு, அவங்களைக் கூப்பிடறேன்."

அன்று இரண்டு பகுதிக்கும் சேர்த்து ஒரே ஒரு பச்சைச் சட்டை.

முதல் படுக்கையில் வில்ஃப் டிரான்ஸ்ஃபீல்ட். எண்பத்தாறு வயது, பழைய சுரங்கத் தொழிலாளி. கால்களில் நீர்.

"பேரு, பொறந்த தேதி சொல்லுங்க வில்ஃப்."

"அரை மணி நேரம் முன்னாடிதானே என் பைஜாமாவ அவுத்தே. அதுக்குள்ள மறந்துட்டியா?"

"கேட்டே ஆகணும். சட்டம்."

"தேதிய வாங்கிக்கிட்டு, பரிசு கிரிசு வாங்கித் தரப் போறியாக்கும்!" பிறகு பெயரும் தேதியும் சொன்னான். மணிக்கட்டுப் பட்டையோடு ஒப்பிட்டாள். நான்கு மாத்திரை கொடுத்தாள். ட்ராலியைப் பூட்டினாள். அடுத்த படுக்கை.

பூட்டினாள், திறந்தாள், பூட்டினாள். டாம்சின் பச்சைப் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தாள். ஐந்தாம் படுக்கைக்கு வரும்போது எட்டே முக்கால். அந்த அம்மாவுக்கு ஒன்பது மருந்து. ஐந்தை எண்ணிக் கிண்ணத்தில் போட்டிருந்தாள்.

"மாக்ஸீன்! பாட்டில் எங்க?"

வில்ஃப். அப்போதுதான் உறைத்தது. அவள் கொடுத்த நான்கில் ஒன்று நீர் பிரிய வைக்கும் மாத்திரை. முக்கால் மணி நேரத்தில் வேலை செய்யும். அவன் படுக்கையில் எப்போதும் தொங்கும் பாட்டிலைக் கழுவ எடுத்துப் போனதும் அவளேதான். ஆறாம் படுக்கையிலிருந்து தொடங்கியிருந்தால் அவன் கடைசி. பத்தொன்பது வருடப் பச்சைச் சட்டை மூத்திரப்பையை நினைத்தது, மாத்திரையை நினைக்கவில்லை.

பூட்டிவிட்டுப் போகலாம். ஆனால் விதிப்படி கிண்ணத்தில் இருக்கும் ஐந்தையும் வீணாக்கி, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். சுற்று தடைப்பட்டது என்று எழுதுவார்கள்; மூன்றாவது வாய்ப்பு கிடையாது. டாம்சினுடைய பேனாவின் சிவப்புக் குமிழை அழுத்தத் தயாராகக் கட்டைவிரல் அதன் மேல் நின்றது.

"மாக்ஸீன், கண்ணு, முடியல!"

அவள் தலை நிமிரவில்லை. ஆறாவது மாத்திரையைப் பிரித்தாள்.

"ஒரு நிமிஷத்துல யாராவது வருவாங்க, வில்ஃப்."

யாரும் வரவில்லை. ஒற்றைப் பச்சைச் சட்டை பக்கத்துப் பகுதியில் இருந்தது. ஒன்பது மருந்தும் அந்த அம்மாவின் வாய்க்குள் போயிற்று. ட்ராலி பூட்டப்பட்டது. ஆறாம் படுக்கையும் முடிந்தது. டாம்சின் எல்லாக் கட்டத்திலும் பச்சை போட்டு, கீழே கையெழுத்திட்டாள். "அருமை. இந்தத் தடவ கவனம் சிதறவே இல்ல," என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

மாக்ஸீன் சிவப்பு மேலங்கியைக் கழற்றி ஆணியில் எறிந்தாள். வெந்நீரும் துணியும் மாற்று பைஜாமாவும் எடுத்துக்கொண்டு முதல் படுக்கைக்குப் போய்த் திரையை இழுத்தாள். வில்ஃப் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஈரம். அவள் துடைத்தாள். புரட்டினாள். விரிப்பை மாற்றினாள்.

"பாஸாயிட்டியா?" என்று கேட்டான்.

"ஆயிட்டேன்."

"ஆகாம என்ன. நீயும் கத்துக்கிட்டே."

அவன் அதன் பிறகு அவளிடம் பாட்டில் கேட்டதில்லை. பச்சைச் சட்டை வரும்வரை காத்திருப்பான்.

இதைப் பற்றியும் ஆறு கட்டக் கட்டுரை கேட்டார்கள். அவள் எழுதியதை விரிவுரையாளர் மெச்சினார். 'சிறப்பான முன்னேற்றம்.' என்ன எழுதினாய் என்று லீயான் கேட்டபோது மாக்ஸீன் சொன்னாள்: "பொய்."

நீலச் சட்டை வந்தது. பதினான்கு மாதமும் சுற்றுக்கு முன் ஆறரைக்கே வந்தாள். பாட்டில்களைக் கழுவி அந்தந்தப் படுக்கையில் திரும்ப மாட்டினாள். நீர் மாத்திரைக்காரர்களைக் கடைசியில் வைத்தாள். அப்படியும் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய காலை வந்துகொண்டேதான் இருந்தது. சொல்லும்போது நிமிர்ந்து பார்த்துச் சொல்வாள். மாற்ற முடிந்தது அவ்வளவுதான் என்று லீயானிடம் சொன்னாள். பிறகு கணையத்தில் கட்டி. மிச்ச நாளை மருத்துவர்கள் வாரக் கணக்கில்தான் சொன்னார்கள்.

வேறு வார்டில் இடமில்லை என்று ஏழாம் வார்டிலேயே போட்டார்கள். மூன்றாம் படுக்கை. ஒரு காலை, சிவப்பு மேலங்கி மாட்டிய புதுப் பெண் எதிர்ப் படுக்கையில் மருந்து எண்ணிக்கொண்டிருந்தாள். மாக்ஸீனுக்கு பெட்பேன் வேண்டியிருந்தது. கூப்பிட்டாள்.

"ஒரு நிமிஷத்துல யாராவது வருவாங்க." அந்தப் பெண் நிமிரவில்லை.

லீயான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "இவளை என்ன பண்றேன் பாரு."

"உக்காரு." மாக்ஸீனின் குரல் பாதிதான் வந்தது. "அவ எண்ணட்டும். நடுவுல பேசாத."

"அம்மா, உனக்கு—"

"பெட்பேன் கழுவுற அறையில, இடது பக்கம், கீழ் அடுக்கு. நீயே எடுத்துட்டு வா. போறப்ப ஒண்ணு பாரு."

"என்ன?"

"அவ ட்ராலியப் பூட்டியிருக்காளா?"

லீயான் போகிற வழியில், அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நடைவழியில் நின்ற ட்ராலியின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். திறந்துகொண்டது.