லாமியா சொன்ன ‘ம்’

கீழக்கரையில் லாமியாவின் வீட்டுக்கு வழி கேட்டால், “ஏரோப்ளேன் ஓட்டுற புள்ள வீடா?” என்று பெட்டிக்கடைக்காரரே வாசல்வரை கொண்டுவந்து விடுவார். வாப்பா அப்துல் ஹமீது துபாயில் ஒரு துணிக்கடையில் கால்கடுக்க நின்று படிக்கவைத்த பெண். “பொம்பளப் புள்ளைக்கு ஆகாசத்துல என்ன வேல?” என்று முகம் சுளித்த சொந்தக்காரர்களெல்லாம் இப்போது உம்ரா போக டிக்கெட் போடும்போது இவளிடம்தான் யோசனை கேட்கிறார்கள். மனுஷ புத்தி அப்படித்தான், என்ன செய்ய.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. அவளிடம் மட்டுமா, நம்மில் முக்கால்வாசிப் பேரிடம் உண்டு. பெரியவர்கள் பேசினால் ‘ம்’ கொட்டுவது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் ‘ம்’, சரி என்பதற்கும் ‘ம்’, சீக்கிரம் சொல்லி முடியுங்கள் என்பதற்கும் ‘ம்’. காதிலேயே விழாவிட்டாலும் ‘ம்’தான். “என்ன சொன்னீங்க?” என்று மறுபடி கேட்டால், “கவனம் எங்கடி மேயுது?” என்று உம்மா மலிகாவிடம் ஏச்சு விழும். அந்த ஏச்சுக்குப் பயந்தே சின்ன வயதிலிருந்து லாமியாவின் நாக்கில் ‘ம்’ ஊறிப்போயிற்று. வீட்டில் அதனால் ஒரு குடியும் முழுகவில்லை. விமானத்தில்தான் வினையாக வந்து சேர்ந்தது.

அன்றைக்கு அவளுடைய கேப்டன் தர்மராஜ். நயினார்கோவில்காரர். ஓய்வுபெற ஒரு வருஷம்தான் இருந்தது. துணை விமானியாக நம்ம பக்கத்துப் பெண் வந்தால் அவருக்குக் கொள்ளை சந்தோஷம். காக்பிட்டுக்குள் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்ள வேண்டும் என்பது விதி. இவர்கள் இருவரும் தமிழில்தான் பேசுவார்கள்.

விமானம் ஓடுபாதைக்கு வெளியே, நிறுத்தக் கோட்டருகில் காத்து நின்றது. கடைசி நேரத்தில் மாறிய எடைக் கணக்கை லாமியா குனிந்து கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள். ‘இறங்கி வரும் விமானம் போனபிறகு ஓடுபாதைக்குள் வந்து நில்லுங்கள்’ என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ரேடியோவில் சொன்னார்கள். அதே சமயம் வேறொரு விமானியும் குறுக்கே பேசித் தொலைத்ததில், எந்த விமானத்துக்கு என்பதோடு சேர்த்து முன்பாதி கரகரவென்று போயிற்று. ‘உள்ளே வந்து நில்லுங்கள்’ என்பது மட்டும் மிஞ்சியது. தர்மராஜ் அதை மட்டும் ரேடியோவில் பதிலாகச் சொல்லிவிட்டு, லாமியா பக்கம் திரும்பினார்.

“நமக்குத்தான தாயி?”

“ம்.”

விமானம் நகர்ந்தது. மூக்கு கோட்டைத் தாண்டியதுமே கோபுரத்திலிருந்தவர் அலறினார். தர்மராஜ் பிரேக்கை மிதித்தார். இறங்க வந்த விமானம் உறுமிக்கொண்டு அவர்கள் தலைக்கு மேலாக மறுபடி ஏறிப் போயிற்று. அல்லாஹ் காப்பாற்றினான், யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

விசாரணை முடியும்வரை இரண்டு பேரும் பறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். லாமியா ஊருக்கு வந்து அறைக்குள் அடைந்துகிடந்தாள். ஒரு நாள் தர்மராஜே நயினார்கோவிலிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். மலிகா தொதல் அல்வாவும் தேத்தண்ணியும் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“ரெக்கார்டர்ல உன் கொரலு தெளிவா இருக்காம்,” என்றார். “நான் கேட்டேன், நீ ஆமான்னே. அந்த ‘ம்’முக்கு அதான அர்த்தம்? விசாரணைக்கு வந்து அத மட்டும் சொல்லிரு. எனக்குப் பாதிப் பாரம் கொறஞ்சிரும். நீ சின்னப் புள்ள, உன்னயக் கண்டிச்சு விட்ருவாக.”

“ம்,” என்றாள் லாமியா.

அவர் முகம் தெளிந்துவிட்டது. “வாரேன் தாயி,” என்று எழுந்தார். கார் தெருமுனை திரும்பிய பிறகுதான், இப்போதும் அதே ‘ம்’மைத்தான் சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. ‘ஆமா’ என்று சொன்னால் அவர் பாரம் குறையும். ‘எங்க ஊர்ல அது சும்மா ம் கொட்டுறது, அவருக்கே தெரியும்’ என்று சொன்னால் இவள் தப்பித்துக்கொள்வாள். கேட்கிற தமிழன் எவனும் மறுக்க மாட்டான். ஆனால் இரண்டும் பொய்.

சென்னையில் விசாரணை. அதிகாரி வடக்கத்திக்காரர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஒலிப்பதிவை ஓடவிட்டு, “இந்த ‘ம்’ என்றால் என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்து நாற்காலியில் தர்மராஜ் உட்கார்ந்திருந்தார். லாமியா அவரைப் பார்க்காமலே ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அந்த ‘ம்’முக்கு ஒரு அர்த்தமும் இல்லை. ரேடியோவில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று கேப்டனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

இனி இந்த மனுஷர் என் முகத்தில் விழிக்கமாட்டார் என்று நினைத்தாள். தர்மராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதிகாரியைப் பார்க்காமல் இவளிடம்தான் தமிழில் பேசினார்.

“எனக்கும் சரியாக் கேக்கல தாயி. கேட்டிருந்தா உங்கிட்ட எதுக்குக் கேக்கப்போறேன்?”

“என்ன சொல்கிறார்?” என்றார் அதிகாரி, லாமியாவிடம்.

சொன்னது சரியாகக் காதில் விழாமலே ஓடுபாதைக்குள் போனேன் என்று ஒரு கேப்டன் ஒப்புக்கொண்டால், அதற்குமேல் அவருக்குப் பறக்க வழியில்லை. அது லாமியாவுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவரே ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தார், பாதியில் நிறுத்திவிட்டு லாமியா பக்கம் திரும்பினார்.

“சொல்லு தாயி,” என்றார். “நான் சொன்னத அப்படியே சொல்லு.”

லாமியா அழுதுகொண்டே, ஒரு சொல் விடாமல், சொன்னாள்.