மணலில் விரித்த இரண்டு லுங்கிகள்

உதயசூரியன் மின்சாரத் துறையில் லைன்மேன். போர்ட் பிளேரில் கராச்சர்மா பக்கம் எந்தத் தெருவில் கரண்ட் போனாலும் ஏணியோடு முதலில் போய் நிற்கிற ஆள் அவன்தான். அப்பா பரமக்குடியிலிருந்து பொதுப்பணித் துறை வேலைக்காகக் கப்பலேறி வந்தவர். மகன் பிறந்தது, படித்தது, வேலையில் சேர்ந்தது எல்லாமே போர்ட் பிளேரில். முப்பத்தொன்பது வயதுக்குள், அவன் தீவில் இருந்த நாட்களில் கடல் கண்ணில் படாத நாள் என்று ஒன்று இருந்திருக்காது. கம்பத்தின் மேலே ஏறினால் எந்தத் திசையிலும் கடல்தான். ஆனாலும் கடற்கரையில் போய்ச் சும்மா உட்கார்வதற்கென்று அவன் ஒரு நாளும் கிளம்பியதில்லை.

லீவு என்றால் மெயின்லேண்ட். தீவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அவனுக்கும் வைஜெயந்திக்கும் அது வழக்கத்துக்கும் மேலே. கல்யாணமாகிப் பத்து வருஷம் பிள்ளையில்லை. பத்து வருஷத்து லீவும் சென்னைக் கப்பலில் போயிற்று. மூன்று நாள் கடல், பங்க் படுக்கையில் சுருண்டு படுத்து வாந்தி, இறங்கினால் ஆஸ்பத்திரி வரிசை, ஊசி, ஸ்கேன், பிறகு யாரோ சொன்ன ஒரு கோயில், மறுபடி மூன்று நாள் கடல். திரும்பி வந்து டூட்டியில் சேரும்போது லீவு எடுத்த மாதிரியே இருக்காது.

பதினோராவது வருஷம் மகிழினி பிறந்தாள். அவளுக்கு ஒரு வயது முடிந்ததும் வந்த லீவு, குலதெய்வம் கோயிலில் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் சரியாகப் போயிற்று. அடுத்த வருஷம் ஏப்ரலில் ஏழு நாள் கிடைத்தது. உதயசூரியன் பழக்க தோஷத்தில் கப்பல் அட்டவணையை போனில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தத் தடவ கப்பல் வேணாங்க" என்றாள் வைஜெயந்தி.

"ஃப்ளைட்டா?"

"மெயின்லேண்டே வேணாம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் குழந்தையின் சட்டைகளை மடித்துக்கொண்டே பேசினாள். பிள்ளை பிறக்கும்வரை அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவள் அவள்.

"எட்டு வருஷம் அந்தக் கடையில நின்னுருக்கேன். நீலுக்குப் போறோம், ஹேவ்லாக் போறோம்னு எத்தன பேரு வந்து டவுசர் வாங்குனாங்க, தொப்பி வாங்குனாங்க. நான் எடுத்துக் குடுத்த ஒரு தொப்பியக்கூட நான் தலையில வச்சுப் பாக்கல. நீல் தீவு ரெண்டு மணி நேரந்தானே? நான் இதுவரைக்கும் போனதில்ல. நீங்க?"

"லைன் வேலைக்கு ஒரு தடவ போயிருக்கேன். பவர் ஹவுஸ் வரைக்கும்."

"பவர் ஹவுஸப் பாத்துட்டு வந்தீங்களாக்கும்" என்று சொல்லி அவள் சிரித்தாள். அத்தோடு முடிவாயிற்று.

நீல் தீவில், பரத்பூர் கடற்கரைக்குப் பின்னால் ஒரு வங்காளிக் குடும்பம் வீட்டோடு சேர்த்து இரண்டு அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தது. வீட்டுக்காரி மினதி ஹல்தாருக்கு ஐம்பது வயதிருக்கும். முன்பக்கம் அறைகள், பின்பக்கம் பூசணியும் புடலையும் போட்ட தோட்டம், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். இவர்களைப் பார்த்ததும் இந்தியில், "எங்கிருந்து வருகிறீர்கள், சென்னையா?" என்று கேட்டாள்.

"கராச்சர்மா" என்றான் உதயசூரியன்.

அவள் நம்பாமல் இன்னொரு முறை கேட்டுவிட்டு, "லோக்கல் லோக் யஹான் கூம்னே நஹீ ஆதே" என்றாள். உள்ளூர்க்காரர்கள் இங்கே சுற்றிப் பார்க்க வருவதில்லையாம். சொல்லிவிட்டு நல்ல அறையைத் திறந்துவிட்டாள்.

பையை வைத்த கையோடு மூவரும் கடற்கரைக்குப் போனார்கள். பவளப் பாறைகளுக்கு உள்பக்கம் குளம்போல் அடங்கிக் கிடந்தது கடல். உதயசூரியன் மகளை இடுப்பிலிருந்து இறக்கி, வெள்ளை மணலில் நிறுத்தப் போனான். பாதம் மணலில் பட்டதுதான் தாமதம், அவள் இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"சீ" என்றாள்.

"மண்ணுடா தங்கம். நல்ல மண்ணு."

"சீ மண்ணு."

வைஜெயந்தி வாங்கி இறக்கிப் பார்த்தாள். அப்போதும் கால் மடங்கியதே தவிர கீழே ஊன்றவில்லை. ஒரு துளி மணல் கட்டைவிரலில் ஒட்டியிருந்தது. அதைக் காட்டிக் காட்டி அழுதாள். துடைத்துவிட்ட பிறகும் விரலைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் சூரியன் மறையும்வரை அம்மாவும் அப்பாவும் மாற்றி மாற்றி அவளைத் தூக்கிக்கொண்டு நின்றதுதான் மிச்சம். மகிழினியின் கண்ணுக்குக் கடலே தெரியவில்லை. அறைக்குத் திரும்பியதும் அவள் அங்கிருந்த தண்ணீர்க் குழாயைக் கண்டுபிடித்தாள். அதன் கீழே ஒரு மக்கை வைத்து, நிரப்பி, கொட்டி, நிரப்பி, ஒரு மணி நேரம் விளையாடினாள்.

"இதுக்குக் கராச்சர்மாவுல நம்ம வீட்டுக் குழாயே போதுமே" என்றான் உதயசூரியன்.

"இருக்கட்டும். இங்க உள்ள குழாய் வேற" என்றாள் வைஜெயந்தி.

தீவில் விடியல் சீக்கிரம். ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் பரவ, மகிழினி எழுந்து அப்பாவின் மூக்கைப் பிடித்து இழுத்தாள். வைஜெயந்தி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உதயசூரியன் உடுத்தியிருந்த டவுசரோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தோளில் ஒரு லுங்கியைப் போட்டு வெளியே வந்தான். கொடியில் இன்னொரு லுங்கி காய்ந்தது. ஏதோ நினைத்தவனாக அதையும் எடுத்துக்கொண்டான்.

கரையில் ஆளில்லை. நீர் வடிந்து வெகுதூரம் உள்ளே போயிருந்தது. புன்னை மரத்தடியில் ஒரு லுங்கியை விரித்து அதன்மேல் மகளை இறக்கினான். துணியின் நீலக் கட்டங்கள் அவளுக்குப் பழகியவை; அவன் மடியில் படுத்துத் தினமும் பார்க்கிறவை. நின்றாள். குனிந்து ஓரத்தைப் பார்த்தாள். ஓரத்துக்கு அப்பால் மணல். அங்கே போகவில்லை.

அவன் இரண்டாவது லுங்கியை முதலாவதன் நுனியோடு ஒட்டினாற்போல் விரித்தான். அவள் யோசித்துவிட்டு அதில் அடி வைத்தாள். பின்னால் இருந்ததை உருவி முன்னால் போட்டான். மூன்று எட்டு, நான்கு எட்டு. மறுபடி பின்னால் உள்ளது முன்னால். கோயில் திருவிழாவில் சாமிக்கு நடைபாவாடை விரிப்பார்களே, அந்த மாதிரி ஒரு லைன்மேன் தன் இரண்டு லுங்கிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்தபடியே கடலை நோக்கிப் போனான். அவள் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். துணியில் ஏறிய சின்ன நண்டு ஒன்றைப் பார்த்து, அது எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் எழுந்திருப்பாள். அவன் அவசரப்படுத்தவில்லை. கம்பத்துக்குக் கம்பம் லைன் இழுக்கிற வேலையும் இப்படித்தான். ஒன்று நின்றால்தான் அடுத்தது.

பாதித் தூரத்தில் காலை நடைக்கு வந்த ஒரு வயதான ஜோடி நின்று பார்த்தது. அந்த அம்மாள் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர்களுக்கு முன்னால் விரித்துவிட்டு, சிரித்தபடி போய்விட்டாள். பாதை ஒரு முழம் நீண்டது.

தண்ணீர் விளிம்புக்கு வந்து சேரும்போது வெயில் ஏறியிருந்தது. கடைசி லுங்கியின் நுனி நனைந்தது. மகிழினி அந்த நனைந்த இடத்தில் நின்று பாதத்தைப் பார்த்தாள். அடுத்த அலை கணுக்காலைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் அப்பாவைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். பிறகு ஓர் அடி முன்னால் வைத்துத் தொப்பென்று உட்கார்ந்தாள். அவளுக்குக் கீழே இருந்தது துணி இல்லை, மணல். அதை அவள் கவனிக்கவே இல்லை.

"இன்னும்" என்றாள், அலையிடம்.

வைஜெயந்தி எழுந்து தேடிக்கொண்டு வந்தபோது கண்டது இதைத்தான்: கரையிலிருந்து நீர் விளிம்புவரை இரண்டடி அகலத்துக்கு மணல் அழுந்திய ஒரு தடம், அதன் முடிவில் அரையடித் தண்ணீரில் சகதியாக உட்கார்ந்திருக்கும் மகள், பக்கத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும் புருஷன்.

"இடுப்பு போச்சு" என்றான் அவன்.

"எவ்வளவு நேரமா இங்க இருக்கீங்க?"

"தெரியல. யாரு மணி பாத்தா?"

அதன் பிறகு அவளைத் தண்ணீரிலிருந்து எடுப்பதுதான் பெரும்பாடு. மணலை வாரித் தலையில் போட்டுக்கொண்டாள். ஒரு தடவை வாயிலும் போட்டுப் பார்த்து, முகத்தைச் சுளித்து, அம்மாவின் வாயிலும் போட வந்தாள். மூன்று நாளும் இதே கதைதான். காலையில் கடல், வெயில் ஏறியதும் இளநீர், மினதி வைத்த மீன் குழம்பில் முள் எடுத்துப் பிசைந்த சோறு, மதியத் தூக்கம், சாயங்காலம் மறுபடி கடல். செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்று உதயசூரியனுக்கு மறந்துபோனது. ஒரு மதியம் வீட்டில் கரண்ட் போய் மின்விசிறி நின்றபோது அவன் தன்னையறியாமல் எழுந்து வாசல்வரை போனான். "உக்காருங்க" என்றாள் வைஜெயந்தி. உட்கார்ந்தான். அரை மணியில் கரண்ட் தானாக வந்தது. தான் கையை வைக்காமல் வந்த கரண்டை அவன் அதிசயமாகப் பார்த்தான்.

ஐந்தாம் நாள் திரும்ப வேண்டிய நாள். வானம் தெளிவாகத்தான் இருந்தது. காற்று மட்டும் பலமாக வீசியது. கப்பல் ஏற ஜெட்டிக்குப் போனால் கூட்டம். கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. தெற்கே காற்றழுத்தத் தாழ்வு, கடல் கொந்தளிப்பு, மறு அறிவிப்பு வரும்வரை கப்பல் இல்லை. சுற்றுலா வந்தவர்கள் போனில் யார் யாரிடமோ கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

உதயசூரியன் காகிதத்தைப் படித்துவிட்டு, மனைவி முகத்தைப் பார்க்கப் பயந்து அங்கேயே நின்றான். ஏழு வருஷத்துக்கு முன் போர்ட் பிளேர் துறைமுகத்தில் இதேபோல ஒரு காகிதத்தின் முன்னால் நின்றிருக்கிறான். சென்னையில் டாக்டர் ஊசிக்கு நாள் குறித்திருந்தார். ஒரு நாளும் தள்ளக்கூடாது என்று சொல்லியிருந்தார். கப்பல் மூன்று நாள் தள்ளிப்போனது, ஃப்ளைட்டில் இடமில்லை. ஊசி போட வேண்டிய அன்றைக்கு அவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். துறைமுகத்தில் பெட்டிமேல் உட்கார்ந்த வைஜெயந்தி, கப்பலில் ஏறச் சொல்லிக் கூப்பிட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

"கேன்சலா?" என்று பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஆமா."

"நல்லதாப் போச்சு."

அவன் திரும்பினான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சும்மா உதட்டில் வைத்த சிரிப்பில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"கப்பல் இல்லன்னா சிரிக்கிற ஆளு நீ மட்டுந்தான் இங்க."

"நமக்கு இப்ப எங்க போய்ச் சேரணும்? சொல்லுங்க. எல்லாம் இங்கதான இருக்கு." அவள் மகளின் முதுகைத் தட்டினாள். "சலோ, மினதி தீதி வீட்டுக்கே போலாம்."

மினதி அறையைப் பூட்டக்கூட இல்லை. காற்றுச் சத்தம் கேட்டபோதே தெரியும் என்றாள்.

அன்று யாரும் கடலில் இறங்கவில்லை. புன்னை மரங்களுக்கு நடுவே மினதியின் கணவர் கட்டியிருந்த வலை ஊஞ்சலில் வைஜெயந்தி படுத்தாள். ஐந்து நிமிஷம் என்று சொல்லித்தான் படுத்தாள். உதயசூரியன் மகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ப் பூசணிக் கொடியைக் காட்டினான். மாட்டுக்குப் புல் போட வைத்தான். அவள் கொடுத்த கல்லையெல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். பசித்தபோது சோறூட்டினான். அவள் தூங்கியதும் மடியில் போட்டுக்கொண்டு ஊஞ்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வைஜெயந்தி திடுக்கிட்டு விழித்தபோது நிழல் மறுபக்கம் போயிருந்தது.

"மணி என்ன?"

"ரெண்டரை."

"நாலு மணி நேரமாவா தூங்குனேன்? ஏன் எழுப்பல?"

"எதுக்கு எழுப்பணும்?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். குழந்தை பிறந்து இரண்டு வருஷம், அதற்கு முந்திய பத்து வருஷம், எல்லாவற்றிலும் யாரோ எழுப்பிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். கன்னத்தில் ஊஞ்சல் வலையின் கட்டங்கள் பதிந்திருந்தன. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "பசிக்குதுங்க" என்றாள்.

கப்பல் விட இன்னும் இரண்டு நாளாயிற்று. கிளம்பும்போது மினதி தோட்டத்துப் பூசணிக்காய் ஒன்றைப் பறித்துக் கொடுத்தாள். மகிழினி அதை யாரையும் தூக்க விடவில்லை. கப்பலில் இரண்டு மணி நேரமும் அதைக் கட்டிப்பிடித்தபடி வந்தாள். போர்ட் பிளேரில் இறங்கிக் கராச்சர்மா பஸ்ஸில் ஏறினார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த தெலுங்குக்கார அம்மாள், காயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கித்னே கா தோகே?" என்று விளையாட்டாக விலை கேட்டாள்.

மகிழினி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு காயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.