தெருப்பலகையைத் துடைத்தவர்

எனக்கு எழுத்துச் சரியாக வராது, மறதியும் உண்டு; பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வந்து குடியேறிய ஒடாஹுஹு ஊரில் ஒரு வயதான வெள்ளைக்காரர், கைத்தடி நுனியில் துணி சுற்றி, தன் பூட்டனின் பெயர் போட்ட தெருப்பலகையைத் துடைப்பார். ஒருநாள் என் மகளிடம் ஆங்கிலத்தில் கதை சொன்னார்; அவள் எனக்கு மொழிபெயர்த்தாள். பூட்டனை அயர்லாந்தில் காணியைவிட்டு விரட்டினார்களாம். அவர் இங்கே வந்து கடை வைத்து, நகரசபைத் தலைவராகி, இங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகளிடம் அரசு பறித்த நிலத்தை வாங்கினாராம். அதனால் இப்போது தெருவின் பெயரை மாற்ற அவருடைய குடும்பத்தின் சம்மதம் கேட்கிறார்களாம்.

"அம்மா, நீங்களெண்டா என்ன சொல்லுவியள் எண்டு கேக்கிறார்."

"ஊரில எங்கட காணியிலயும் ஆரோ இருக்கினம். அவையும் பாவங்கள்தான். அதுக்காக அது அவையின்ர காணி ஆகுமோ எண்டு கேள், பிள்ளை."

மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் துணியை அவிழ்த்துப் பைக்குள் வைத்தார். பலகையில் பாதி அழுக்காகவே இருந்தது. பிறகு அவரைக் காணவில்லை. சம்மதித்தாரோ, என் சொல்லால் நொந்துபோனாரோ, தெரிந்தவர்கள் விசாரித்துச் சொல்லுங்கள்.