ஏழு மீட்டர் குறைவு

விடுமுறைக்கு வந்த நாளிலிருந்து ஹென்னிங் தினமும் காலை ஆறு மணிக்கே மூன்று துண்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு விடுதி நீச்சல் குளத்துக்கு இறங்கிவிடுவான். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் ஜெர்மன்காரர்கள் துருக்கிக் கடற்கரை விடுதிக்குப் போனால், சேவல் கூவுமுன் எழுந்து சாய்வு நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடித்தால்தான் காலைச் சாப்பாடு இறங்கும். மற்றவர்கள் நிழலுக்காகவோ கடல் தெரிவதற்காகவோ இடம் பிடிப்பார்கள். ஹென்னிங் பிடித்த இடத்தில் நிழலும் இல்லை, கடலும் தெரியாது. குழந்தைகள் குளத்தின் நான்கு மூலைகளும் அங்கிருந்து தெரிந்தன. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவன் மனைவி சில்கேக்கு இது பொறுக்கவில்லை.

"கடல் இருநூறு அடியில இருக்கு. நீ என்னை ஒண்ணுக்குப் போற பிள்ளைங்க குளத்தோரமா உட்கார வெச்சிருக்க."

"இங்க காத்து நல்லா வருது."

"காத்தா? பொரிச்ச உருளைக்கிழங்கு வாசனைதான் வருது. வேலையை ஊர்லயே விட்டுட்டு வரமாட்டியா நீ? அடுத்து ஊதல் கேப்ப."

ஊதல் இல்லாதது அவனுக்கு உண்மையிலேயே கை ஒடிந்த மாதிரித்தான் இருந்தது. ஹனோவருக்கு மேற்கே ஒரு சிற்றூரின் நீச்சல் குளத்தில் அவன் மேற்பார்வையாளன். இருபத்திரண்டு வருடமாக அதே குளம், அதே ஊதல். நாற்பத்தாறு வயது, பெரிய உடம்பு, குறைந்த பேச்சு. ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவனிடம்தான் நீச்சல் கற்றார்கள். கோடையில் ஊரே விடுமுறைக்குப் போகும்போது அவனுக்குத்தான் வேலை கழுத்தை நெரிக்கும். அதனால் கல்யாணமாகிப் பத்து வருடமாக அவர்கள் எங்கேயும் போனதில்லை. அக்டோபரில் பால்டிக் கரையில் கூடாரம் போட்டு மழையில் நனைந்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இந்த அக்டோபரில் சில்கேக்கு நாற்பது வயது. பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: ஐந்து நட்சத்திர விடுதி, கையில் நீலப் பட்டை கட்டிவிடுவார்களே, எதைக் கேட்டாலும் கிடைக்குமே, அது. ஹென்னிங்கும் மனசாரத்தான் சரி என்றான்.

ஆனால் மடியில் கனமிருந்தால் வழியில் பயம் இருக்கத்தான் செய்யும். அவன் மடியில் இருந்த கனம், மகள் மெர்லேயின் நீச்சலுடையில் இடுப்போரம் தைத்திருந்த கடற்குதிரை.

எங்கள் ஊர்களில் அந்தத் துணிச்சின்னம் இல்லாமல் ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போனால் அதற்கு மானக்கேடு. கரையிலிருந்து தண்ணீரில் குதிக்க வேண்டும், இருபத்தைந்து மீட்டர் எதையும் பிடிக்காமல் நீந்த வேண்டும், தோளளவுத் தண்ணீரின் தரையில் கிடக்கும் வளையத்தைக் கையால் எடுக்க வேண்டும். தேறினால் கடற்குதிரை. அன்றைக்கே அம்மாமார் அதை உடையில் தைத்துவிட்டு, அன்றிலிருந்து நாற்காலியில் சாய்ந்து புத்தகம் படிப்பார்கள். "கடற்குதிரை வாங்கிட்டா நீச்சல் வந்துடுச்சுன்னு அர்த்தமில்லைங்க, கண்ணை எடுக்காதீங்க" என்று ஹென்னிங் ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்வான். யார் கேட்டார்கள்?

கடற்குதிரை விஷயத்தில் அவன் பொல்லாதவன். ஊர் டாக்டரின் பிள்ளையை மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறான். கடைசி முறை அந்தப் பையனுக்கு ஒரே ஒரு மீட்டர்தான் குறைந்தது. அம்மா அழுதாள், டாக்டர் நகராட்சியில் புகார் சொன்னார். "ஒரு மீட்டர் குறைஞ்சாலும் குறைஞ்சதுதான். தண்ணி தள்ளுபடி கொடுக்காது" என்றான் ஹென்னிங். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை ஊரில் வேறு வேறு காரியங்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். அவனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மகள் தண்ணீரைக் கண்டால் தோளைச் சுருக்கினாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பது உலகத்துப் பேச்சு. குளத்து டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண்கூட, "உங்க வீட்டுக் குட்டி இந்த வருஷமாவது நனையுமா?" என்று கேட்டாள். மெர்லே இரண்டு முறை தோற்றாள். மூன்றாம் முறை ஜூனில், ஒரு சனிக்கிழமை. சுவரோர பெஞ்சில் அம்மாமார் ஏழெட்டுப் பேர். மெர்லே குதித்தாள், நீந்தினாள். ஹென்னிங் நீளக் கழியுடன் கரையோரமாகவே நடந்து வந்தான். பதினெட்டாவது மீட்டரில் அவள் இடது கை ஓரத்தைப் பிடித்தது. இரண்டு மூச்சு வாங்கினாள். பெஞ்சில் இருந்தவர்களுக்கு அவனுடைய அகல முதுகுதான் தெரிந்தது. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அவள் மறுபடி கையை எடுத்து மிச்ச ஏழு மீட்டரையும் முடித்தாள். "தேறிட்ட" என்றான். பெஞ்சு கைதட்டியது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டான்.

கோடைக்குள் சரியாகக் கற்றுக்கொடுத்துவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று நினைத்தான். ஆனால் கோடையில் வேலை தலைக்கு மேல். மெர்லேயும் அதற்குப் பிறகு குளத்துப் பக்கம் வரவில்லை. கூப்பிட்டால், "எனக்குத்தான் கிடைச்சிடுச்சே" என்பாள். ஆறு வயசுப் பிள்ளைக்கு ஓரத்தைத் தொட்டதெல்லாம் ஞாபகம் இருக்காது, அப்பா தேறினாய் என்றால் தேறினதுதான் என்று அவன் மனதைத் தேற்றிக்கொண்டான்.

இங்கே வந்தபிறகுதான் பயம் பிடித்தது. விடுதியில் ஆறு குளம். மெர்லேக்கோ காஸெல் ஊரிலிருந்து வந்த காட்யா என்பவளின் மகள் டில்டா சிநேகிதியாகிவிட்டாள். டில்டா மீன்குஞ்சு. ஹென்னிங் முதல் நான்கு நாளும் மகளை எட்டிப் பிடிக்கிற தூரத்திலேயே வைத்திருந்தான். முழங்காலளவுத் தண்ணீரில் அந்தப் பெரிய உடம்பு குந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மற்ற அப்பாக்கள் பீர்க் கோப்பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டில் சொல்லிவிடப் பார்த்தான். சில்கே வெயிலில் சிவந்து, புது உடையில், வறுத்த மீனும் கத்தரிக்காயும் நிறைந்த தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"சில்கே, மெர்லே நீச்சல் விஷயமா…"

"ஐயோ, ஆரம்பிக்காத. நீயே பரீட்சை வெச்சு நீயே கையெழுத்துப் போட்டிருக்க. நீயே நம்பலேன்னா ஊர்ல வேற எவன் நம்புவான்?"

அதுதான் அவனுக்கும் பயம். சொன்னால் போவது ஒரு துணிச்சின்னம் மட்டுமல்ல. இவளுக்கு இனி அவன் எந்தச் சொல்லும் அரைச் சொல்தான். ஊருக்குத் தெரிந்தால் டாக்டர் வீட்டு வாசலில் எப்படி நடப்பது? சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியாததல்ல. அதைத் தெரிந்துகொள்வதுதானே அவன் தொழில். தன் தட்டிலிருந்த மீனைத் தின்று முடித்தான்.

ஐந்தாம் நாள் சில்கே அவனுக்குத் தெரியாமல் துருக்கிக் குளியலுக்கு நேரம் குறித்துவிட்டாள். "தோளைப் பாரு, கல்லு மாதிரி இருக்கு. ஒரு மணி நேரம் போய்ப் படு. பிள்ளையை நான் பெத்தேன், நான் பாத்துக்குவேன்."

"குட்டிக் குளத்தை விட்டு எங்கேயும் விடாத."

"சரிங்க ஐயா."

சூடான பளிங்குக் கல்லில் அவனைப் படுக்கவைத்து, ஒருவர் தலை முதல் கால் வரை சோப்பு நுரையால் மூடினார். இருபது நிமிடம் தாங்கினான். பிறகு எழுந்து, தடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இடுப்பில் கட்டம் போட்ட துணியும் முதுகில் நுரையுமாக வெறுங்காலோடு வெளியே நடந்தான். படிக்கட்டின் உச்சியில் நின்று பார்த்தான். குட்டிக் குளத்தோரம் சில்கே மட்டும் கண்ணாடி போட்டுப் படுத்திருந்தாள்.

பெரிய குளத்தைப் பார்த்தான். நாற்பது தலை. அதில் ஒரு தலை மட்டும் பின்னால் சாய்ந்திருந்தது. முடி கண்ணை மறைத்தும் ஒதுக்கவில்லை. வாய் தண்ணீர் மட்டத்தில் முங்கி முங்கி வந்தது. மூழ்குகிற பிள்ளை சினிமாவில்தான் கத்தும், கையை ஆட்டும். நிஜத்தில் சத்தமே வராது. நான்கடி தள்ளி டில்டா குட்டிக்கரணம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். காவலுக்கு இருந்த பெண் மறுகோடியில் சறுக்குமரத்தடியில் நின்றாள்.

படிகளை எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. குதித்ததில் இடுப்புத் துணி தண்ணீரோடு போனது. யாரும் சிரிக்கவில்லை. மெர்லேயைக் கரையில் போட்டபோது அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. வாயோடு வாய் வைத்து ஊதினான்; ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றாம் முறை இருமினாள். தண்ணீரும் காலையில் தின்ற இனிப்பு அப்பமும் அவன் மடியில் வாந்தியாக வந்தன. அவ்வளவு நிம்மதி அவன் வாழ்நாளில் கண்டதில்லை.

சில்கே ஓடி வந்தாள். "எப்படி? கடற்குதிரை வாங்கின பிள்ளையாச்சே, எப்படி?"

"காலையில வயிறு முட்டத் தின்னிருக்கா. கால்ல சதை பிடிச்சிருக்கும்." அந்தப் பொய் அவன் நாக்கில் தயாராக உட்கார்ந்திருந்தது.

காட்யாவும் பக்கத்தில் வந்து நின்றாள். "ஆழமாச்சே, நீச்சல் தெரியுமான்னு நான் கேட்டேங்க. சின்னத்தைத் தொட்டுக் காட்டினா. நான் நம்பிட்டேன்."

விடுதி மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, இருமல் வந்தால் உடனே கூப்பிடுங்கள், யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருங்கள் என்றார். மதியம் அறையில் மெர்லே பெரிய வெள்ளை அங்கிக்குள் தலை மட்டும் தெரியப் படுத்திருந்தாள். ஹென்னிங் கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். சில்கே தரையில் உட்கார்ந்து மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என் தப்பு. நான்தான் காட்யா கூடப் பெரிய குளத்துக்குப் போயிட்டு வான்னு அனுப்பினேன். நீ அஞ்சு நாளா அடிச்சுக்கிட்ட, நான் கேலி பண்ணினேன். என்ன அம்மா நான்?"

"அப்படிச் சொல்லாத" என்றான். அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன், சொந்தப் பெண்டாட்டி தன் பழியைத் தலையில் சுமப்பதைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. இதை நான் மென்று விழுங்கிச் சொல்லப்போவதில்லை; அது கோழைத்தனம்தான்.

சில்கே மகளிடம் கேட்டாள். "தங்கம், ஆழத்துக்குப் போகும்போதே பயமா இருந்திருக்குமே. மாட்டேன்னு சொல்லக்கூடாதா?"

மெர்லே முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "பயமா இல்லம்மா. சதை பிடிச்சிடுச்சு."

சில்கே முகம் கழுவக் குளியலறைக்குப் போனாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டதும் மெர்லே அங்கிக்குள்ளிருந்து கையை நீட்டி அவன் விரலைப் பிடித்தாள்.

"அப்பா, சரியாச் சொன்னேனா?"

"எதை?"

"சதை பிடிச்சுதுன்னு. எனக்கு ஒண்ணும் பிடிக்கல. எனக்கு நீந்த வரல." குரலை இன்னும் தாழ்த்தினாள். "நான் ஓரத்தைப் பிடிச்சேன்ல, அப்பவே உன்னைப் பாத்தேன். நீ கடிகாரத்தைப் பாத்த. காட்யா அத்தை கேட்டப்போ வராதுன்னு சொல்லியிருந்தா நீ மாட்டிக்குவியே."

ஹென்னிங் மாதங்களை எண்ணினான். ஜூன் முதல் அக்டோபர் வரை நான்கு மாதம். இந்தப் பிள்ளை குளத்துப் பக்கம் வராமல் இருந்ததற்குப் பெருமை காரணம் என்று நினைத்தானே. இன்றைக்கும் பயந்துகொண்டேதான் பெரிய குளத்தின் ஏணியில் இறங்கியிருக்கிறாள். அவனுக்காக இறங்கியிருக்கிறாள். அவனுக்கு அழுகை வந்தது, வெட்கமும் வந்தது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. சில்கே துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டு வந்தாள். "நான் போய் காட்யாகிட்ட பேசிட்டு வரேன். அவ தன்னால ஆச்சுன்னு நினைச்சுக்கிட்டிருப்பா. தப்பு என் பேர்லன்னு சொல்லிடறேன்."

"போகாத. உட்காரு, சில்கே. ஒண்ணு சொல்லணும்."

அவன் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் மெர்லே எழுந்து முழங்காலிட்டு, இரண்டு கையாலும் அவன் வாயை இறுக்கிப் பொத்தினாள். விரல்களில் இன்னும் குளத்துக் குளோரின் வாசனை. அவன் அந்தக் கைகளை மெல்ல விலக்கித் தன் மடியில் பிடித்துக்கொண்டான். பெஞ்சையும் கடிகாரத்தையும் ஏழு மீட்டரையும் ஒன்று விடாமல் சொன்னான். சதை பிடிக்கவில்லை என்பதையும் சொன்னான். மெர்லே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அழுதாள், தானே பிடிபட்டது போல.

சில்கே கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. மகளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது இவளுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

அவள் வந்து மெர்லேயை அங்கியோடு வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஈரத் தலையைத் தடவிக்கொண்டே அவனிடம் சொன்னாள்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நீ காவல். உன் பொய்க்கு ஆறு வயசுப் பிள்ளையைக் காவல் வெச்சிருக்கியே, ஹென்னிங்."

மெர்லே அம்மா தோளில் முகத்தைப் புதைத்தபடி, "அப்பாவைத் திட்டாதம்மா, நான் நீந்திடுவேன், நான் நீந்திடுவேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.