மஞ்சளுக்கு இரண்டாவது கோட்டிங்

ஏணிக்காரர் என்றால்தான் அந்தப் பெயிண்டரைத் தெரியும். எவ்வளவு உயரமான சுவரானாலும் சாரம் கட்டச் சொல்லிக் கேட்கமாட்டார். ஏணியைச் சாய்த்து ஏறிவிடுவார். அவர் ஏறி வருவதைப் பார்த்தால் பல்லிகள் மரியாதையாக ஒதுங்கி வழி விடுமாம். நம்பாதவர்கள் பல்லிகளைத்தான் கேட்க வேண்டும்.

அப்படிப்பட்டவருக்கு முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலை மடக்கினால், யாரோ துருப்பிடித்த கேட்டைத் திறக்கிறார்கள் என்று நாய் குரைத்தது. ஏற முடியாத பெயிண்டருக்குக் கீழ்ச்சுவர்தான் மிச்சம். கீழ்ச்சுவர் அடிக்க யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். அந்தப் பயம்தான் அவரை மூலிகைக் கடைக்கு இழுத்துப் போயிற்று.

டப்பாமேல் பச்சை இலைப் படம். உள்ளே மாத்திரைகள்.

"இது மருந்தே இல்லைங்க. வெறும் மஞ்சளும் மிளகுச் சத்தும்" என்றார் கடைக்காரர்.

வலி கொஞ்சம் அடங்கியது. கொஞ்சம்தான். ஒரு கோட்டிங்கில் பிடிக்காவிட்டால் பெயிண்டர் என்ன செய்வார்? இரண்டாவது கோட்டிங் கொடுப்பார். காலையில் ஒன்று என்றிருந்தது, இரு வேளையும் இரண்டிரண்டாயிற்று.

"என்னங்க, டப்பாவுல ஒண்ணுதானே போட்டிருக்கு?" என்றாள் மனைவி.

"சுவர் பழசும்மா. அதிகமாத்தான் குடிக்கும்."

அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளிக்கூடம் முழுக்க மஞ்சள் அடிக்கும் வேலை வந்தது. அந்த வளாகத்தில் எறும்புகூட மஞ்சள் மீசையோடுதான் திரிந்தது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெயிண்ட் வாடை என்றார். உடம்பெல்லாம் அரித்தது, சுவர் தேய்க்கும் உப்புத்தாள் தூசி என்றார். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போயிற்று, வெயில் என்றார்.

கூடவே பட்டி பூசும் மைத்துனருக்கோ குஷி. "மச்சான், சுவருக்கு அடிக்கிறியா, உனக்கே அடிச்சுக்கிறியா? கண்ணுலகூட ஒழுகியிருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி துணியைத் தின்னரில் நனைத்து அவர் கையைத் துடைத்தாள். பெயிண்ட் கரைந்தது. அடியிலிருந்த மஞ்சள் கரையவில்லை. அழுத்தித் தேய்த்தாள், தோல் சிவந்து, மறுபடி மஞ்சளாயிற்று. மெல்ல நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள். அங்கேயும் அதே மஞ்சள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "என்ன மருந்து சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க." பொய்யில்லை, அவர் அப்படித்தான் நம்பினார்.

மனைவிதான் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

டாக்டரம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். "சமையல்ல போடற சிட்டிகை வேற, சத்தாப் பிழிஞ்சு அடைக்கிறது வேற. எல்லாருக்கும் இல்ல, சிலருக்கு ஈரல் தாங்காது. இதை இத்தோட விடுங்க."

"விட்டா சரியாயிடுமாம்மா?" என்றாள் மனைவி.

"முக்கால்வாசிப் பேர் தேறிடுவாங்க. இவருக்கு ஈரல் ரொம்பவே அடி வாங்கியிருக்கு. இங்கேயே படுக்க வச்சுப் பார்ப்போம். பேச்சு குழறினா விஷம் மூளைக்கு ஏறுதுன்னு அர்த்தம், உடனே கூப்பிடுங்க."

அதிலிருந்து மனைவி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டால் நிம்மதி. திட்டினால் அதைவிட நிம்மதி.

மைத்துனர் பார்க்க வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பழைய கிண்டலையே பிடித்துக்கொண்டார். "மச்சான், இந்தச் சுவரைப் பாரு, எவன் அடிச்சானோ! எத்தனை கோட்டிங் குடுக்கலாம்?"

ஏணிக்காரர் சுவரை வெகுநேரம் பார்த்தார். வாய் திறந்தது.

"ரெ... ரெண்... ழெ..."

மைத்துனர் சிரிக்க ஆரம்பித்தார். மனைவி அதற்குள் வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தாள்.